ஃபிரிஸ்கோவில் பள்ளி பாண்டு தோற்றுவிட்டது, இனி கூரைக்கும் ஏசிக்கும் காசு எங்கிருந்து வரும்?

ப்ரெஸ்டன் ரோடு வாசி:

2024 நவம்பர் 5 இரவு ஊரே ஜனாதிபதி முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே இரவில், டெக்சாஸில் டல்லஸுக்குப் பக்கத்திலுள்ள நம் ஃபிரிஸ்கோவின் ஐஎஸ்டி, அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், வாக்காளர் முன் வைத்த நான்கு கேள்விகளும் தோற்றன. ஏ என்பது ஆசிரியர் சம்பளம், அன்றாடச் செலவு இவற்றுக்கான வரி விகிதத்தைப் பற்றியது. பி என்பது கட்டடங்களுக்கு 986 மில்லியன் டாலர் பாண்டு, அதாவது சொத்து வரியிலிருந்து திருப்பி அடைக்கும் கடன். மற்ற இரண்டும் அதைவிட மிகச் சிறியவை, அதில் ஒன்று டெக்னாலஜிக்கு.

நம் வாட்ஸப் குழுக்களில் “நல்லவேளை, வரி ஏறாமல் தப்பித்தோம்” என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பேச்சு மனதுக்கு ஒப்பவே இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இதே ஊர் 2014ல் 775 மில்லியன் டாலர் பாண்டுக்குச் சரி என்றது. 2018ல் 691 மில்லியனுக்கும் சரி என்றது. அப்போது கேட்டது புதுப் பள்ளிகளுக்கு. 2000 கணக்கெடுப்பில் ஃபிரிஸ்கோவில் சுமார் 33 ஆயிரம் பேர், 2010ல் 1.17 லட்சம், 2020ல் 2 லட்சம். இப்படி ஏறிய ஊரில் வகுப்பறை போதவில்லை என்பது யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமாக இல்லை. புதுக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பக்கத்துத் தெருவிலேயே பள்ளி வருகிறது என்றால் வீட்டு விலையும் ஏறும்.

இப்போது கேட்டதில் பெரும்பகுதி அந்தக் கட்டடங்களைப் பராமரிக்க, புதுப்பிக்க. ஒரே காலத்தில் கட்டியதெல்லாம் ஒரே காலத்தில் பழசாகும். இங்குள்ள பள்ளிகளில் கணிசமானவை அந்தப் பத்துப் பதினைந்து வருட வேகத்தில் எழுந்தவை. கூரையில் வைக்கும் ஏசி யூனிட் டெக்சாஸ் வெயிலில் 15, 20 வருடம் ஓடினாலே பெரிய விஷயம். கூரையோ ஆலங்கட்டி மழை அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. சரி என்று ஓட்டுப் போடாததால் இவை பழசாகாமல் இருந்துவிடாது. ஏசி நின்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், பாண்டு இல்லை என்றால் அந்தப் பணம் ஆசிரியர் சம்பளம் போகிற அதே பையிலிருந்து போகும். இதை யாரும் வாட்ஸப்பில் சொல்லவில்லை.

“வேண்டாம்” என்று போட்டவர்களும் எழுதுங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை, என்ன காரணம் என்று உண்மையிலேயே தெரிய வேண்டும்.

ஓய்வு எஞ்சினியர்:

நான் நான்கையும் வேண்டாம் என்று போட்டவன். காரணம் சொல்கிறேன் தம்பி, பொறுமையாகக் கேளுங்கள்.

முதலாவது, பிள்ளைகளின் எண்ணிக்கை. ஏறிக்கொண்டே இருந்தது நின்று மெல்ல இறங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ப்ளேனோ ஐஎஸ்டி 2024 ஜூன் மாதம்தான் நான்கு பள்ளிகளை மூடுவதென்று தீர்மானம் போட்டது, இரண்டு எலிமெண்டரி, இரண்டு மிடில் ஸ்கூல். இன்றைக்குப் பணம் போட்டுப் புதுப்பித்த கட்டடத்தையே ஐந்து வருடம் கழித்து மூடினால்? எதை வைத்துக்கொள்ளப் போகிறோம், எதை மூடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அப்புறம் பணம் கேட்பதுதானே முறை.

இரண்டாவது, “வரி விகிதம் ஏறாது” என்று ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் சொல்வது. விகிதம் ஏறாது என்பது சரி. ஆனால் பழைய கடன் அடைய அடைய அந்த விகிதம் தானாகக் குறைய வேண்டும் அல்லவா? புதுக் கடன் வாங்கி அது குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு மதிப்பும் ஏறுகிறது. ஆக நான் கட்டும் தொகை ஏறுகிறது. ஏறாது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

மூன்றாவது, ஸ்டேடியம். பக்கத்து ஊர் ஆலனில் நடந்ததைப் பார்த்த பிறகு நான் யாரையும் கண்ணை மூடி நம்புவதில்லை.

ஹெச்1பி வரிசையில்:

ஆலனில் என்ன சார் நடந்தது? நான் இந்தப் பக்கம் வந்து அதிக நாள் ஆகவில்லை.

ஆலன் அப்பா:

நான் சொல்கிறேன். 2009ல் 119 மில்லியன் டாலர் பாண்டுக்கு ஊர் சம்மதித்தது. அதில் 60 மில்லியன் டாலரில் ஈகிள் ஸ்டேடியம் கட்டி 2012ல் திறந்தார்கள், 18 ஆயிரம் பேர் உட்காரலாம். ஒரு ஹைஸ்கூலுக்கு இவ்வளவு பெரிய ஃபுட்பால் மைதானமா என்று நாடு முழுக்கச் செய்தி. 2014 பிப்ரவரியில் கான்கிரீட்டில் விரிசல் என்று பூட்டினார்கள். அந்த சீசன் முழுக்க ஆட்டம் வேறு இடங்களில். 2015ல்தான் மறுபடி திறந்தது. கட்டிய நிறுவனமும் வடிவமைத்த நிறுவனமும் பழுதுபார்க்கும் செலவை ஏற்கும்படி ஆனது, ஆனாலும் ஊரின் நம்பிக்கை போனது போனதுதான்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆலனில் ஒரே ஹைஸ்கூல், ஐயாயிரம் பிள்ளைகளுக்கு மேல், ஒன்பதாம் வகுப்புக்குத் தனி வளாகம். ஃபிரிஸ்கோ எடுத்த வழி வேறு, ஹைஸ்கூலுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் போதும் என்று சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு கட்டினார்கள். ஸ்டேடியமும் பன்னிரண்டு கட்டவில்லை, டல்லஸ் கௌபாய்ஸ் ஃபுட்பால் அணியின் ஃபோர்டு சென்டர் மாதிரி பொது இடங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் மகன் அங்கே படித்திருந்தால் ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்திருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. ஐயாயிரம் பேரில் இடம் பிடிப்பது அவ்வளவு கஷ்டம். ஆனால் சின்னப் பள்ளிகள் என்றால் கூரையும் பன்னிரண்டு, ஏசியும் பன்னிரண்டு செட், பிரின்சிபலும் பன்னிரண்டு பேர். அந்த மாடலைப் பிடித்துத்தானே பலர் இந்த ஊரில் வீடு வாங்கினார்கள்? அதற்கு ஒரு விலை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

பேச்சு சூடாகும் முன் கணக்கைக் கொஞ்சம் வைத்துவிடுகிறேன். தொழிலே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளும், மன்னிக்கவும்.

டெக்சாஸில் பள்ளி வரி இரண்டு பங்கு. எம் அண்ட் ஓ என்பது நடத்தும் செலவு: சம்பளம், மின்கட்டணம், பஸ் டீசல், சின்ன ரிப்பேர். ஐ அண்ட் எஸ் என்பது கடன் அடைக்கும் பங்கு, பாண்டு முதலும் வட்டியும் இதிலிருந்துதான். பாண்டு பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாது, சட்டம் விடாது. “முதலில் டீச்சருக்குக் கொடுங்கள், அப்புறம் கட்டடம் பார்க்கலாம்” என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அக்கறை நல்லதுதான், ஆனால் பாண்டைத் தோற்கடித்தால் டீச்சருக்கு ஒரு சென்ட் கூடப் போகாது. தலைகீழாகச் செய்ய மட்டும் சட்டம் இடம் தருகிறது. அதாவது எம் அண்ட் ஓ பணத்தை எடுத்து ஏசி மாற்றலாம். முதல் பதிவில் நண்பர் சொன்னது அதுதான்.

இன்னொன்று, ராபின் ஹூட் என்று சொல்கிறோமே, 1993ல் வந்தது, சொத்து வளம் அதிகமுள்ள டிஸ்ட்ரிக்ட்டின் வரியில் ஒரு பகுதி மாநிலத்துக்குப் போகும். ஆஸ்டினும் ப்ளேனோவும் இப்படிக் கொடுப்பது கொஞ்சநஞ்சமல்ல. இது எம் அண்ட் ஓ பங்குக்கு மட்டும்தான். பாண்டுக்காகக் கட்டும் டாலர் முழுவதும் உள்ளூரிலேயே நிற்கும். ஆகவே நம் ஊர்க் கூரைக்குப் பணம் வேண்டும் என்றால் ஐ அண்ட் எஸ் வழியாகத் திரட்டுவதுதான் சேதாரம் குறைந்த வழி.

வீட்டுக் கணக்கு: மதிப்பு 600,000 டாலர் என்று வையுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு 2024ல் 100,000. மீதி 500,000. இதில் நூறு டாலருக்கு ஒரு சென்ட் என்றால் வருடம் 50 டாலர். ஃபிரிஸ்கோவில் கடன் பங்கு சுமார் 27 சென்ட், அதாவது வருடம் 1,350 டாலர். சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுக் கடன் தவணையோடு வரிக்காகப் பிடிக்கும் எஸ்க்ரோ ஏறும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அதுதான் தொகை. வாட்ஸப்பில் சுற்றுவது போல மாதம் பல நூறு டாலர் கூடும் என்பது கணக்கே இல்லாத பேச்சு.

எஞ்சினியர் சார் சொன்ன இரண்டாவது காரணம் நூற்றுக்கு நூறு சரி. புதுப் பாண்டு இல்லை என்றால் காலப்போக்கில் அந்த 27 குறையும். இதைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

எல்டொராடோ அம்மா:

ஓட்டுச் சீட்டிலேயே “இது ஒரு சொத்து வரி உயர்வு” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததே! அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று போட்டார். ஏறாது என்று இவர்கள் சொல்கிறார்கள், ஏறும் என்று சீட்டு சொல்கிறது. யாரை நம்புவது?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி அம்மா. 2019ல் வந்த சட்டம் அது. டெக்சாஸில் எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பாண்டு வைத்தாலும், விகிதம் ஏறினாலும் ஏறாவிட்டாலும், அந்த வாசகம் சீட்டில் இருந்தே ஆக வேண்டும். கூடவே ஒரு வாக்காளர் தகவல் ஆவணம் வெளியிட வேண்டும். அதில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஏற்கெனவே இருக்கும் கடன் எவ்வளவு, 100,000 டாலர் வீட்டுக்கு வருடம் எவ்வளவு கூடும் என்று எல்லாம் இருக்கும். சீட்டில் இருப்பது ஒரு வரி. அந்த ஆவணத்தில் இருப்பதுதான் விவரம். வீட்டுக்காரரிடம் அடுத்த முறை அதைக் கையில் கொடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், டிஸ்ட்ரிக்ட் பொதுப்பணத்தில் “ஆதரவு தாருங்கள்” என்று பிரசாரம் செய்யக் கூடாது, தகவல் மட்டும்தான் தரலாம். அவர்கள் அனுப்பும் தாள் உப்புச்சப்பில்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். எதிர்ப்பவருக்கு அந்தக் கட்டு இல்லை.

பள்ளிக்கூட அக்கா:

நான் மூன்று நான்கு டிஸ்ட்ரிக்ட்களில் சப்ஸ்டிட்யூட் டீச்சராகப் போகிறேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம், வெளியே நூறு டிகிரிக்கு மேல். வகுப்பில் ஏசி வேலை செய்யவில்லை, சக்கரம் வைத்த ஒரு தற்காலிகக் குளிரூட்டியைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். அதன் சூட்டுக் காற்றை வெளியே விட தடித்த குழாய் ஒன்று, அதற்கு வழி பண்ண ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு மேலே செருகியிருந்தார்கள். அந்த ஓட்டை வழியே மேலேயிருந்து தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். மெஷின் போடும் சத்தத்தில் முன்பெஞ்சுக்கு மட்டும்தான் என் குரல் கேட்டது. சத்தத்தை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் முகமெல்லாம் சிவந்துவிடும். கடைசியில் இரண்டு வகுப்பையும் சேர்த்து கேஃபிடேரியாவில் உட்கார வைத்தேன். அன்றைக்குக் கணக்கில் பின்னப் பாடம் நடக்கவே இல்லை. மேலே இருந்த யூனிட்டுக்கு உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆகும், அந்த மாடலே இப்போது செய்வதில்லை என்று மெயின்டனன்ஸ் ஆள் சொன்னார்.

“பில்லியன் டாலரா?” என்று கேட்கும்போது எனக்கு அந்த அறைதான் கண்முன் வருகிறது. இதற்கு முன்பு வேறு ஒரு பள்ளியில் லைப்ரரியில் மழைக்குப் பெயின்ட் வாளி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆடம்பரம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, டெக்சாஸின் உவால்டே பள்ளியில் 2022ல் நடந்த துப்பாக்கிச் சூடு. அதற்குப் பிறகு கதவுகள், பூட்டுகள், வேலி, கேமரா, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் மாநிலம் விதி போட்டது, எல்லா வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய காவலர் வேண்டும் என்றது. அதற்கு 2023ல் கொடுத்தது வளாகத்துக்கு வருடம் 15,000 டாலர், மாணவர் தலைக்கு 10 டாலர். ஒரு காவலரின் சம்பளத்துக்கே அது வராது. மீதியை யார் தருவது?

ஓய்வு எஞ்சினியர்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தமாக இருக்கிறது. ஏசிக்கு மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். எல்லாவற்றையும் 986 மில்லியன் என்று ஒரே மூட்டையாகக் கட்டி, எடு அல்லது விடு என்றால் நான் என்ன செய்ய? மூட்டைக்குள் தேவையும் இருக்கும், தேவையில்லாததும் இருக்கும்.

ப்ரெஸ்டன் ரோடு வாசி:

சார், இந்த இடத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். 2019 சட்டப்படி ஸ்டேடியம், நீச்சல்குளம், நிகழ்கலை அரங்கம், டெக்னாலஜி இவை தனித்தனிக் கேள்வியாகத்தான் வர வேண்டும், பொதுக் கட்டட மூட்டைக்குள் ஒளித்து வைக்க முடியாது. ப்ராஸ்பர் ஐஎஸ்டியில் 2023 நவம்பரில் பாருங்கள், மொத்தம் 2.8 பில்லியன் டாலர் கேட்டார்கள். பள்ளிகளுக்கான பெரிய கேள்வி ஜெயித்தது, ஸ்டேடியத்துக்கான கேள்வி தோற்றது. வாக்காளர் பிரித்துப் பார்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆலன் கதைக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. ஸ்டேடியம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டேடியத்தை வெட்டுங்கள், கூரையையும் சேர்த்து ஏன் வெட்ட வேண்டும்?

ஆனால் கட்டடக் கேள்விக்குள்ளேயே புதுப்பிப்பு வேறு, இடித்துக் கட்டுவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு என்று இன்னும் பிரித்திருக்கலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அப்படிப் பிரித்திருந்தால் ஒன்றிரண்டாவது ஜெயித்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

செலினா புதுவீடு:

எங்கள் செலினா பக்கம் நிலைமையே தலைகீழ். வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டே இருக்கின்றன, பள்ளி திறக்கும்போதே பின்னால் போர்ட்டபிள் வகுப்பறை, அதாவது தற்காலிகமாகக் கொண்டுவந்து வைக்கும் அறை, வைக்க இடம் விட்டுத் திறக்கிறார்கள். இங்கே வந்து பாண்டு வேண்டாம் என்று சொன்னால் ஊரே அடிக்க வரும். பதினைந்து வருடம் கழித்து நாங்களும் ஃபிரிஸ்கோ மாதிரி கூரைக்கு ஓட்டுக் கேட்டு நிற்போமோ என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஃப்ரீமான்ட் காரர்:

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு எச்சரிக்கை. பாண்டு என்றால் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், எப்படித் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சான் டியேகோ பக்கம் போவே யுனிஃபைட் என்ற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் 2011ல் சுமார் 105 மில்லியன் டாலர் வாங்கியது. பல வருடம் ஒரு பைசா கட்ட வேண்டாம், வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் கிட்டத்தட்ட ஒரு பில்லியன் கட்ட வேண்டும். இன்று ஓட்டுப் போட்டவருக்கு வரி ஏறவில்லை, அப்போது பிறக்காத பிள்ளைகள் கட்டுவார்கள். அதற்குப் பிறகு 2013ல் மாநிலம் சட்டம் போட்டது, திருப்பிக் கட்டுவது வாங்கியதைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்று.

இங்கே உள்ளூர்ப் பள்ளி பாண்டு ஜெயிக்க 55 சதவீதம் வேண்டும். 2000க்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. உங்களுக்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும், அதுவும் கிடைக்கவில்லை என்றால் ஜனங்கள் எவ்வளவு சலித்துப்போயிருக்கிறார்கள் பாருங்கள்.

பெல்வ்யூ மழை:

எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் 60 சதவீதம். 58, 59 எடுத்தும் தோற்ற கதை இங்கே நிறைய உண்டு. பத்தில் ஆறு பேர் கிட்டத்தட்டச் சரி என்றும் பள்ளி கிடைக்காது. டெக்சாஸ்காரர்கள் குறை சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

போவே விஷயத்தை ஃப்ரீமான்ட் நண்பர் சொன்னது நல்லதாயிற்று. அந்த வகைப் பாண்டுக்கு டெக்சாஸிலும் 2015ல் கடிவாளம் போட்டுவிட்டார்கள். இங்கே இன்னொரு வசதி, பெர்மனன்ட் ஸ்கூல் ஃபண்ட். 1854ல் மாநிலம் 2 மில்லியன் டாலரில் ஆரம்பித்த நிதி, அதன் உத்தரவாதத்தில் பள்ளி பாண்டுகளுக்கு ட்ரிபிள் ஏ என்ற மிக உயர்ந்த கடன் மதிப்பீடு கிடைக்கிறது, அதனால் வட்டி குறைகிறது.

டெக்னாலஜி பாண்டு பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஐந்து வருடத்தில் தூக்கிப்போடும் லேப்டாப்புக்கு இருபத்தைந்து வருடக் கடனா என்று. ஒழுங்கான டிஸ்ட்ரிக்ட் அதைக் குறுகிய காலத்திலேயே அடைக்கும்படி வெளியிடும். அப்படித்தான் செய்யப் போகிறார்களா என்று டிஸ்ட்ரிக்டின் போர்டு கூட்டத்தில் பதில் வாங்கி வைக்க வேண்டும்.

எல்டொராடோ அம்மா:

என் மாமனார் மாமியார் எங்களோடு இருக்கிறார்கள். 65 வயது ஆனவர்களுக்குப் பள்ளி வரி ஏறாது என்கிறார்களே, எங்களுக்கு அது பொருந்துமா?

கணக்குப்பிள்ளை:

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 65 நிறைந்தவர் உரிமையாளராக இருந்து அந்த வீட்டிலேயே குடியிருந்தால் அந்த வருடத்தோடு பள்ளி வரித் தொகைக்கு உச்சவரம்பு விழும். அதற்குப் பிறகு பாண்டு ஜெயித்தாலும் அவர்களுக்கு ஏறாது, வீட்டில் புதிதாக அறை கட்டினால்தான் ஏறும். வீடு உங்கள் இருவர் பெயரில் மட்டும் இருந்தால் பொருந்தாது. எஞ்சினியர் சார், உங்கள் வயது எனக்குத் தெரியாது, 65 ஆகியிருந்தால் விண்ணப்பம் போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஓய்வு எஞ்சினியர்:

66. விண்ணப்பித்துவிட்டேன். எனக்கு ஏறாது என்பது தெரியும் ஐயா. எனக்காக மட்டும் வேண்டாம் என்று போடவில்லை. தெருவில் இப்போதுதான் ஏழு சதவீத வட்டிக்கு வீடு வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தும்தான் போட்டேன்.

ஹெச்1பி வரிசையில்:

சார், அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். என் மகள் இரண்டாம் வகுப்பு. வருடாவருடம் பள்ளி வரி முழுசாகக் கட்டுகிறேன், ஓட்டு கிடையாது, கிரீன் கார்டு வந்தாலும் ஓட்டு கிடையாது. இன்னும் எத்தனை வருடமோ. எனக்கு யாராவது கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வட்டி ஏழு சதவீதம்தான், ஆனால் நான் இந்த ஊரில் வீடு வாங்கியதே பள்ளிக்காக. பள்ளி தேய்ந்தால் எனக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். உங்களை மாதிரி ஓட்டு உள்ளவர்கள் எங்களுக்காக யோசித்தது நெகிழ்ச்சியாக இருக்கிறது, அடுத்த முறை எங்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு எஞ்சினியர்:

நியாயம்தான்.

பள்ளிக்கூட அக்கா:

நம்மில் சிட்டிசன் ஆனவர்களே எத்தனை பேர் ஓட்டுச் சீட்டின் கடைசி வரை போகிறார்கள்? மேலே ஜனாதிபதி, செனட் என்று போட்டுவிட்டுக் கீழே வருவதற்குள் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். டெக்சாஸில் கட்சிக்கு மொத்தமாக ஒரே குத்து குத்தும் வசதியும் 2020லிருந்து கிடையாது. பதிவு செய்யவும் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடித்திருக்க வேண்டும். தீபாவளி விழாவில் ஆயிரம் பேர் கூடுகிறோம், வாசலில் ஒரு மேஜை போட்டுப் பதிவுக்கு உதவலாமே. யாருக்கு ஓட்டு என்று ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

ஆலன் அப்பா:

மேஜைக்கு நான் வருகிறேன் அக்கா. முறைப்படி கவுண்டியில் பயிற்சி எடுத்தவர்தான் படிவங்களைச் சேகரிக்கலாம் என்று விதி இருக்கிறது, அதை முதலில் முடித்துக்கொள்வோம்.

செலினா புதுவீடு:

ஒரு சந்தேகம். மாநிலத்திடம்தான் பணம் கொட்டிக் கிடக்கிறதே, அவர்கள் கொடுத்தால் நாம் இந்தப் பாடு படவே வேண்டாமே?

ப்ரெஸ்டன் ரோடு வாசி:

அதுதான் எனக்கு ஆற்றாமை. மாணவர் தலைக்கு மாநிலம் கணக்கிடும் அடிப்படைத் தொகையை 2019ல் 6,160 டாலர் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு விலைவாசி எங்கே போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும், முட்டையிலிருந்து பஸ் டயர் வரை. 2023 சட்டசபைக் கூட்டம் தொடங்கும்போது 30 பில்லியன் டாலருக்கு மேல் உபரி இருந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் பற்றிய சண்டையில் அந்த வருடம் முழுக்கப் போனது, 2024லும் 6,160 அப்படியே நின்றது. மேலே கொடுக்காததை டிஸ்ட்ரிக்ட்கள் கீழே வந்து நம்மிடம் கேட்கின்றன. நாமும் முடியாது என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது வகுப்பறை. கோபத்தை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் காட்ட வேண்டிய நாம், கையில் கிடைத்தது என்று உள்ளூர்ப் பள்ளி மேல் காட்டிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். எஞ்சினியர் சார் உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் காரணத்தோடு போட்டீர்கள்.

ஓய்வு எஞ்சினியர்:

தம்பி, நான் இன்னும் முழுசாக மாறவில்லை. மறுபடி கொண்டுவந்தால் எனக்கு ஒரு தாள் வேண்டும். பள்ளிவாரியாக, கட்டிய வருடம், கூரையின் வயது, ஏசியின் வயது, இன்றைய பிள்ளைகள் எத்தனை, பத்து வருடம் கழித்து எத்தனை எதிர்பார்க்கிறார்கள், அந்தப் பள்ளியை வைத்துக்கொள்ளப் போகிறார்களா இல்லையா. நாற்பது வருடம் ஆலையில் வேலை பார்த்தவன், இந்தத் தாள் இல்லாமல் எந்த மேனேஜரும் எனக்கு ஒரு மோட்டார் மாற்றப் பணம் ஒதுக்கியதில்லை. அந்தத் தாள் வந்து, ஸ்டேடியம் தனியாக நின்றால், கட்டடத்துக்கு என் ஓட்டு உண்டு.

பள்ளிக்கூட அக்கா:

அந்தத் தாளில் போர்ட்டபிள்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். தற்காலிகம் என்று வைத்தவை பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கின்றன.

ப்ரெஸ்டன் ரோடு வாசி:

சரி, அப்படியென்றால் கேட்போம். போர்டு கூட்டத்தில் அஜெண்டாவில் உள்ள விஷயம் பற்றிப் பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும் என்று 2019 சட்டமே சொல்கிறது. பேசுவதற்கு ஓட்டு இருக்க வேண்டியதில்லை, ஹெச்1பி நண்பரும் எழுந்து பேசலாம். கட்டடங்கள், பட்ஜெட் அஜெண்டாவில் வரும் கூட்டத்துக்கு நான்கைந்து பேராவது போவோம். பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், நிமிடக் கணக்கு உண்டு, ஆகவே ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்வோம். எஞ்சினியர் சார், அந்தத் தாளைக் கேட்பது உங்கள் வாயால் வந்தால்தான் எடுபடும், வேண்டாம் என்று போட்டவர் வந்து கேட்கிறார் என்று கவனிப்பார்கள். வருவீர்களா?

ஓய்வு எஞ்சினியர்:

வருகிறேன். இரவில் வண்டி ஓட்டக் கண் ஒத்துழைப்பதில்லை, யாராவது கூட்டிப்போக வேண்டும்.

ஹெச்1பி வரிசையில்:

நான் வந்து அழைத்துப் போகிறேன் சார். எந்தப் பக்கம் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

டெக்னாலஜிக் கடன் எத்தனை வருடம் என்ற கேள்வி என்னுடையது. பாண்டு தோற்றதால் இந்த வருடம் எம் அண்ட் ஓவிலிருந்து கட்டடப் பழுதுக்கு எவ்வளவு எடுக்கப் போகிறார்கள், அதற்காக எந்த வேலையிடங்கள் நிரப்பப்படாமல் விடப்படும் என்ற கேள்வியை ப்ரெஸ்டன் ரோடு நண்பர் எடுத்துக்கொள்ளட்டும்.